'கோ' ஏன் 'வென்ட்' ஆனது? ஒரு பிள்ளைக்குப் பிந்திக் கொடுத்த பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் எல்லா உம்மா வாப்பாமாருக்கும், எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் உரிய விடயம்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தரம் 6 வகுப்பு. விடுமுறை முடிந்து முதல் வாரம். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்ல வேண்டும். கடைசி வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஐ கோஎட் டு உம்மும்மாஸ் ஹவுஸ்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், நாங்களும் சிரித்துவிட்டோம். பிறகு 'கோ, வென்ட், கோன்' என்று பலகையில் பெரிதாக எழுதி, எல்லோரையும் பத்துத் தடவை சத்தமாகச் சொல்ல வைத்தோம்.

மணி அடித்து வெளியே வரும்போது அந்தப் பிள்ளை பின்னால் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஸேர், வோக் எண்டா வோக்ட். பிளே எண்டா பிளேட். கோ மட்டும் ஏன் ஸேர் வென்ட்?"

"அது அப்பிடித்தான் மகள். பாடமாக்குங்க."

இதுதான் எங்கள் பதில். அந்தத் தவணை முடியும் வரைக்கும் அவள் ஆங்கில பாடத்தில் கை உயர்த்தவில்லை.

உண்மை என்னவென்றால், எங்களுக்கும் பதில் தெரியாது. பயிற்சிக் கலாசாலையில் 'ஒழுங்கற்ற வினைகள்' என்று மூன்று நிரலில் ஒரு நீண்ட பட்டியல் தந்தார்கள். அதை நாங்களும் பாடமாக்கினோம். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லையே என்ற உறுத்தலில்தான் பிறகு தேடி வாசித்தோம். வாசித்ததில் சிலவற்றை இங்கே பகிர்கிறோம்.

*வேறு வீட்டிலிருந்து வந்த சொல்*

'கோ' என்ற வினை ஆங்கிலத்தில் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'கான்'. ஆனால் அந்தக் காலத்திலும் அதற்குச் சொந்தமான இறந்தகால வடிவம் இருக்கவில்லை. 'போனான்' என்று சொல்ல 'ஏஓடெ' என்ற, முற்றிலும் வேறு வேரில் பிறந்த ஒரு சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அதாவது 'கோ' தொடக்கத்திலிருந்தே இரவல் வாங்கிய வினை.

காலப்போக்கில் அந்த 'ஏஓடெ' தேய்ந்து 'யேட்' என்றானது. கேட்டால் 'கோ'வோடு அதற்கு ஏதாவது உறவு இருப்பதாகவே தெரியாது. அதே காலத்தில் ஆங்கிலத்தில் 'வெண்டு' என்று இன்னொரு வினை இருந்தது. முதலில் அதன் பொருள் 'திரும்புதல், திருப்புதல்'. பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிப் புறப்படுதல், கடைசியில் 'போதல்' என்று பொருள் விரிந்தது. அதன் இறந்தகால வடிவம்தான் 'வென்ட்'. 'செண்டு' 'சென்ட்' ஆவது போல, 'லெண்டு' 'லென்ட்' ஆவது போல, 'ஸ்பெண்டு' 'ஸ்பென்ட்' ஆவது போல, 'வெண்டு' 'வென்ட்' ஆனது. அதில் ஒழுங்கின்மை எதுவும் இல்லை. தன் சொந்த வீட்டில் அது மிகவும் ஒழுங்கான பிள்ளை.

1400இல் மறைந்த கவிஞர் சோசரின் எழுத்தில் 'யேட்', 'வென்ட்' இரண்டும் வருகின்றன. அடுத்த நூறு வருடங்களில் தென் இங்கிலாந்தில் 'யேட்' வழக்கொழிந்தது. அதன் இடத்தில் 'வென்ட்' வந்து உட்கார்ந்து, 'கோ'வின் இறந்தகாலம் ஆகிவிட்டது. 'யேட்' எவ்வளவு மறந்து போனது என்றால், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்மண்ட் ஸ்பென்சர் என்ற பெரும் கவிஞர், பழைய வாசனைக்காக அதைத் தன் கவிதையில் எடுத்தாண்டபோது, அது இறந்தகால வடிவம் என்பதை அறியாமல் மூல வினை போல எழுதிவிட்டார். ஆங்கில இலக்கியத்தில் முதல் வரிசையில் வைக்கப்படுகின்ற கவிஞருக்கே இந்த வினை வழுக்கியது. அவரைப் பார்த்து யாரும் சிரித்து வாங்கில் உட்கார வைக்கவில்லை.

தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்டு'வுக்குப் பிறகு என்ன நடந்தது? அதைக் கடைசியில் சொல்கிறோம்.

*வடக்கே நடந்த வேறு கதை*

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்த தகவல் இதுதான். 'யேட்' தேய்ந்தபோது எல்லா இடத்திலும் 'வென்ட்' வரவில்லை. பிரித்தானியாவின் வடக்கில், குறிப்பாக ஸ்கொட்லாந்தில், மக்கள் வேறொரு வேலை செய்தார்கள். தங்கள் பேச்சில் 'போ' என்பதற்கு இருந்த 'கே' என்ற சொல்லோடு, வழமையான இறந்தகால விகுதியைச் சேர்த்து 'கேட்' என்று ஆக்கிக்கொண்டார்கள்.

அதாவது 'கோ' + 'எட்'. எங்கள் தரம் 6 பிள்ளை சொன்ன அதே சொல்!

ஸ்கொட் மொழியில் அது இன்றும் வழக்கில் உள்ள சரியான சொல். ஸ்கொட்லாந்து மக்கள் தங்கள் தேசியக் கவிஞராகக் கொண்டாடும் ரொபர்ட் பேர்ன்ஸ் (1759–1796) அந்தச் சொல்லைத் தன் கவிதைகளில் எழுதினார்.

அப்படியென்றால் 'வென்ட்' சரி, மற்றது பிழை என்று ஆனது எப்படி? அரசவை லண்டன் பக்கத்தில் இருந்தது. 1476இல் வில்லியம் கக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை அமைத்ததும் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில்தான். அதிகாரமும் அச்சும் எங்கே இருந்தனவோ, அந்த ஊர்ப் பேச்சுத்தான் காலப்போக்கில் 'தரமான ஆங்கிலம்' ஆனது. பிற்காலத்தில் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்ததும் அதுதான். 'வென்ட்' மற்றதைவிட அறிவான சொல் என்பதால் வெல்லவில்லை. வென்றவர்களின் ஊரில் அது பேசப்பட்டது.

*நம் பக்கத்து மொழிகளிலும் இருக்கிறது*

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய கிறுக்கு என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சு மொழியில் 'போ' என்ற ஒரே வினைக்கு மூன்று வேர்கள்: மூல வடிவம் 'அலே', 'நான் போகிறேன்' என்றால் 'வே', 'போவேன்' என்றால் 'இரே'. ஸ்பானிய மொழியில் 'ஃபுய்' என்றால் 'போனேன்' என்றும் பொருள், 'இருந்தேன்' என்றும் பொருள். இடத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சிங்களத்தில் 'போகிறேன்' என்பதற்கு என்ன சொல்கிறோம்? 'யனவா'. 'போனேன்' என்பதற்கு? 'கியா'. இரண்டுக்கும் ஓர் எழுத்தாவது ஒற்றுமை உண்டா? சமஸ்கிருதத்தில் போதலைக் குறிக்க 'யா' என்றும் 'கம்' என்றும் இரண்டு வேர்கள் இருந்தன. 'யனவா' முதலாவதிலிருந்து வந்தது, 'கியா' இரண்டாவதிலிருந்து வந்தது. உருதுவிலும் ஹிந்தியிலும் இதே கதைதான்: 'ஜானா' என்றால் போதல், 'கயா' என்றால் போனான். ஹிந்திப் பாட்டுக் கேட்கும் நம் இளைஞர்களுக்கு இரண்டும் தெரியும்.

சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பழகிய நம் பிள்ளைகள் 'கியா' என்பதை யாரும் பட்டியல் போட்டுப் பாடமாக்காமலே பேசுகிறார்கள். 'கோ – வென்ட்' என்பதும் அதே போன்ற ஒன்றுதான் என்று வகுப்பில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். எங்களுக்கு அது அன்று தெரியவில்லை.

*ஒழுங்கற்றவை ஏன் பிழைத்திருக்கின்றன?*

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பயன்படும் பத்து வினைகளில் ஒன்றுகூட ஒழுங்கான வினை இல்லை. 'பீ', 'ஹேவ்', 'டூ', 'கோ', 'சே', 'கேன்', 'வில்', 'சீ', 'டேக்', 'கெட்' எல்லாமே பட்டியலில் உள்ளவை. இது தற்செயல் அல்ல.

2007இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று 98 மட்டுமே எஞ்சியுள்ளன. மற்றவை 'எட்' சேர்த்து ஒழுங்குக்கு வந்துவிட்டன. ஒரு வினையைவிட நூறு மடங்கு குறைவாகப் பயன்படும் இன்னொரு வினை, பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வருகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

காரணம் விளங்கக்கூடியதுதான். தினமும் நூறு தடவை காதில் விழும் சொல் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் மனதில் நின்றுவிடும். எப்போதாவது கேட்கும் சொல்லின் பழைய வடிவம் மறந்து போகும். மறந்தவர் என்ன செய்வார்? தெரிந்த விதியைப் போட்டு ஒரு வடிவத்தை உண்டாக்குவார்.

'ஹெல்ப்' என்ற வினைக்கு ஒருகாலத்தில் 'ஹோல்ப்' என்பது இறந்தகாலம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் அது வருகிறது. யாரோ சிலர் 'ஹெல்ப்ட்' என்று 'பிழையாக'ச் சொல்லத் தொடங்கி, அந்தப் பிழை பரவி, இன்று அதுவே சரி. இன்று பரீட்சையில் 'ஹோல்ப்' என்று எழுதினால் நாங்கள் சிவப்புப் பேனையால் கோடு போடுவோம். 'கிளைம்', 'பேக்' ஆகிய வினைகளுக்கும் இதே வரலாறு உண்டு.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'டிக்' (தோண்டு) என்பதன் இறந்தகாலம் ஒழுங்காக 'எட்' சேர்ந்துதான் வருகிறது. இன்று நாம் படிப்பிப்பது 'டக்'. ஒழுங்காக இருந்தது ஒழுங்கு தப்பி, தப்பியதே சட்டமாகிவிட்டது.

*பிள்ளையின் தலைக்குள் நடப்பது*

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சிறு பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். உலகில் இல்லாத சொற்களை அவரே உண்டாக்கினார். படத்தில் ஒரு மனிதர் ஏதோ செய்கிறார். "இவருக்கு 'ரிக்' பண்ணத் தெரியும். நேற்றும் அதையே செய்தார். நேற்று அவர் என்ன செய்தார்?" பிள்ளைகள் "ரிக்ட்" என்றார்கள். அந்தச் சொல்லை அதற்கு முன் அவர்கள் கேட்டிருக்க வழியே இல்லை. அப்படியென்றால் அவர்கள் கிளி போலத் திருப்பிச் சொல்லவில்லை. கேட்ட மொழியிலிருந்து விதியைத் தாங்களே பிரித்தெடுத்து, புதிய இடத்தில் பொருத்தினார்கள்.

ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளும் 'கோஎட்' என்று சொல்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்தில் 'வென்ட்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையே சில காலம் கழித்து 'கோஎட்' என்கிறது. தாய்க்குக் கவலை, பிள்ளை பின்னுக்குப் போகிறதே என்று. உண்மையில் பிள்ளை முன்னுக்குத்தான் போகிறது. முதலில் கேட்டதைச் சொன்னது, இப்போது விதியைக் கண்டுபிடித்துவிட்டது. விதிக்கு விலக்கு உண்டு என்பது அடுத்த படி.

எங்கள் மாணவி நின்றதும் அந்தப் படியில்தான். எங்கள் சிரிப்பு அவளை அதிலிருந்து கீழே இறக்கிவிட்டது.

*தமிழ்ப் பிள்ளையின் கையில் இருக்கும் சாவி*

'கோ'வின் மற்றப் பயன்பாடுகளைப் பார்த்தால், நம் 'போ' அதோடு எவ்வளவு ஒத்துப் போகிறது என்பது தெரியும்.

"மழை பெய்யப் போகுது" என்கிறோம். மழை எங்கே நடந்து போகிறது? "நான் மீன் வாங்கப் போறன்" என்பது முதலில் தெருவில் நடந்துகொண்டே சொல்லும் வசனம். பிறகு வீட்டில் உட்கார்ந்துகொண்டே எண்ணத்தைச் சொல்ல உதவுகிறது. கடைசியில் எண்ணமே இல்லாத மழைக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்தின் 'கோயிங் டு' இதே மூன்று படிகளில் ஏறியது. 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வழக்கை, 1646இல் ஜோஷுவா பூல் என்பவர் தன் இலக்கண நூலில் எதிர்காலத்தின் அடையாளமாகவே குறித்துவிட்டார். ஷாம் நாட்டு அரபுப் பேச்சிலும் 'ராஹ்' என்ற 'போனான்' சொல்தான் தேய்ந்து 'ரஹ்' என்று எதிர்காலத்தைக் காட்டுகிறது. இதைப் பாடமாக்கத் தேவையில்லை. "பெய்யப் போகுது" என்று சொல்லிக் காட்டினாலே பிள்ளைக்கு விளங்கும்.

பால் பழுதாகப் போனால் ஆங்கிலத்திலும் அது 'கோ' தான். கண் பார்வை போவதும், புத்தி பேதலித்துப் போவதும் 'கோ' தான். நாமும் கெட்டுப் போச்சு, உடைந்து போச்சு, தொலைந்து போச்சு என்கிறோம். நல்லதுக்கு 'சரிவரும்' என்று 'வா'வைக் கூப்பிடுகிறோம். ஆங்கிலத்திலும் கனவு நனவாவதற்கு 'கம்' தான் வருகிறது.

சில இடங்களில் பாதை பிரியும். அந்த இடங்களில்தான் பிள்ளைக்கு நாம் உதவ வேண்டும். "மச்சான் கட்டாருக்குப் போயிருக்கிறார்" என்று தமிழில் சொன்னால், அவர் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் இருக்கலாம், முன்னர் ஒருமுறை போய்வந்த அனுபவம் உண்டு என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வழி. இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கோன்', போய்த் திரும்பியவர் என்றால் 'ஹேஸ் பீன்'. நேர்முகப் பரீட்சைகளில் நம் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. அது போலவே லைட் 'கோஸ் ஓஃப்' என்றால் அணைகிறது, அலாரம் 'கோஸ் ஓஃப்' என்றால் அடிக்கத் தொடங்குகிறது! இதைக் கேட்டு ஒரு பிள்ளை குழம்பினால் குற்றம் பிள்ளையில் இல்லை.

*வாளும் வகுப்பறையும்*

நம் நாட்டில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்று பொருள். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுவதற்கு வைத்திருக்கும் ஆயுதம் என்ற கசப்பில் பிறந்த பெயர். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் இதே பெயரை வைத்து ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்.

அந்த வாளை வேறு யாரோ பெரிய இடத்து மனிதர்கள் வைத்திருப்பதாகவே நாங்கள் நினைத்திருந்தோம். அன்று தரம் 6 வகுப்பில் அது எங்கள் கையில்தான் இருந்தது. உம்மும்மா வீட்டுக்குப் போன சந்தோசத்தைச் சொல்ல எழுந்த பிள்ளைக்குப் பதிலாகக் கிடைத்தது அதுதான்.

இதற்காக, பிழையைத் திருத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பரீட்சைத் தாளில் 'வென்ட்' தான் எழுத வேண்டும். சாதாரண தரத்தில் புள்ளி போடுபவருக்கு ஸ்கொட்லாந்துக் கதை தேவையில்லை. திருத்தும் முறையைப் பற்றித்தான் பேசுகிறோம். பிள்ளை "ஐ கோஎட்" என்றால், "ஓ, யூ வென்ட் டு உம்மும்மாஸ் ஹவுஸ்? என்ன சாப்பிட்டீங்க?" என்று சரியான வடிவத்தை நம் பதிலுக்குள் வைத்துப் பேச்சைத் தொடரலாம். பிள்ளை கேட்டுக்கொள்ளும். வீட்டில் சாச்சாவும் மாமியும் இருக்கும் சபையில் பிள்ளையை ஆங்கிலம் பேச வைத்து, பிழைவிட்டால் சிரிக்கும் பழக்கத்தை நிறுத்தலாம். "ஏன்?" என்று கேட்டால், தெரியாவிட்டால் "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லலாம். "அது அப்பிடித்தான்" என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் வாசித்து முடித்தபோது அந்தப் பிள்ளைகள் தரம் 7க்குப் போய்விட்டார்கள். ஒருநாள் இடைவேளைக்கு முன் பாடவேளை ஒன்று கிடைத்தது. அந்த வகுப்புக்குப் போய், சிரித்தது எங்கள் பிழை என்று முதலில் சொன்னோம். பிறகு 'வெண்டு', 'வென்ட்', 'யேட்', ஸ்கொட்லாந்து, 'யனவா', 'கியா' எல்லாவற்றையும் கதையாகச் சொன்னோம். அவள் இப்போது இரண்டாவது வாங்கில் இருந்தாள்.

"அப்ப நான் சொன்னது பிழை இல்லையா ஸேர்?"

"பரீட்சையில பிழைதான் மகள். ஆனா மடத்தனம் இல்ல."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு கை உயர்ந்தது.

"வென்ட்டை கோ எடுத்துட்டா, வெண்டு என்ன ஸேர் செய்யும்? அதுக்கு பாஸ்ட் டென்ஸ் இல்லாமப் போகுமே?"

நீங்களே சொல்லுங்கள் மகள் என்றோம்.

"வெண்டு... வெண்டெட்?"

அதுதான் சரி. அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. 'வெண்டு' இன்றும் ஆங்கிலத்தில் உண்டு, வழியே மெல்ல வளைந்து வளைந்து போவதைச் சொல்ல எப்போதாவது பயன்படும். தன் பழைய இறந்தகாலத்தை இழந்த பிறகு ஆங்கிலேயர்கள் அதற்கு 'எட்' சேர்த்துப் புதிய ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை 'கோ'வுக்குச் செய்த அதே வேலை.

இந்த முறையும் வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பிள்ளைகளுக்காகத் துஆச் செய்யுங்கள்.